பேர் கேட்க மறந்துவிட்டோம்!

உங்களை ஒரு கேள்வி கேட்கட்டுமா? கோபித்துக்கொள்ளக் கூடாது.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். தூக்கம் இன்னும் வரவில்லை. அப்போது உங்கள் மனசுக்குள் யார் யாருடைய முகங்கள் வந்து போகின்றன? நீங்கள் மாலை போட்டு வரவேற்ற மந்திரியின் முகமா? முண்டியடித்துக்கொண்டு போய்ப் பார்த்த சினிமா நட்சத்திரத்தின் முகமா? சத்தியமாகச் சொல்லுங்கள். இல்லை அல்லவா? பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் விற்ற கிழவி வருவாள். என்றோ ஒரு மழை நாளில் உங்களைத் தம் குடைக்குள் சேர்த்துக்கொண்ட யாரோ ஒருவர் வருவார். ரயிலில் எதிர் ஸீட்டில் உட்கார்ந்து, தன் கட்டுச்சோற்றில் பாதியை உங்கள் பக்கம் தள்ளிய அம்மாள் வருவாள். ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் நமக்கே தெரியாது.

எனக்கு வயது எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, பழகியாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. ஆனாலும் ராத்திரியில் தவறாமல் வருகிறவர் ஒருவர்தான். அவர் ஒரு சைக்கிள் ரிக்ஷாக்காரர். இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு. என் ஆயுளில் அவரை நான் பார்த்தது மொத்தம் நாலைந்து மணி நேரம். அவர் பேர் எனக்குத் தெரியாது.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை.

மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையை ஒட்டி, மேலக்கால் போகிற ரோட்டில் இருக்கிறது கோச்சடை. இன்றைக்கு வந்து பார்த்தால் இதைத் தனி ஊர் என்றே சொல்லமாட்டீர்கள். மதுரை நகரம் எங்களை விழுங்கி ஏப்பம் விட்டு வெகு நாளாயிற்று. மாடி வீடுகளும் கடைகளும் ஷேர் ஆட்டோக்களுமாக இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது முத்தையா சுவாமி கோவிலைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்தான். பொழுது சாய்ந்தால் தவளைச் சத்தம். அதை விட்டால் ஒன்றும் கிடையாது.

கோச்சடை என்ற பேர் எப்படி வந்தது என்று கேட்டால், கோச்சடையன் ரணதீரன் என்ற பாண்டிய மன்னனின் பேர் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மதுரையை ஆண்டவன் அவன். (2014-இல் கிட்டத்தட்ட அதே பேரில் ரஜினிகாந்த் படம் ஒன்று வந்தபோது எங்கள் தெருப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. படமே எங்கள் ஊரைப் பற்றியது என்று நினைத்துவிட்டார்கள்!) ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ராஜாவின் பேரை நாங்கள் தினம் பத்துத் தடவை உச்சரிக்கிறோம். எங்கள் வீட்டுக்கு விளக்கேற்றிவிட்டுப் போன மனிதரின் பேர் மட்டும் ஒரு ராத்திரிகூட எங்களிடம் தங்கவில்லை.

1962-ஆம் வருஷம், ஐப்பசி மாசம். பகலெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விளக்கு வைக்கிற நேரத்தில் என் தங்கை பிறந்தாள். மருத்துவச்சி வெளியே வந்து, "மகாலச்சுமி வந்திருக்கா!" என்று சொன்னதும் அப்பா வெல்லக் கட்டியை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்த வெல்லம் நாக்கில் கரைவதற்குள் மருத்துவச்சி மறுபடியும் வெளியே வந்தாள். முகம் வேறாக இருந்தது.

"உதிரம் நிக்கலைய்யா. எனக்குத் தெரிஞ்ச கைவைத்தியமெல்லாம் பாத்துட்டேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. நேரத்தைக் கடத்தாதீங்க."

குழந்தையை அப்பத்தாவின் மடியில் போட்டுவிட்டு, வைக்கோல் பரப்பின மாட்டு வண்டியில் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா இரண்டு பேர், கடைசியில் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஏறிக்கொண்டேன். அரசரடி வருவதற்குள் மாடு இரண்டு தடவை படுத்துவிட்டது. அங்கேதான் அந்த ரிக்ஷா நின்றுகொண்டிருந்தது. ரிக்ஷாக்காரர் முண்டாசை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியாஸ்பத்திரிக்கு என்னண்ணே கேக்கிறீங்க?" என்றார் அப்பா. அந்த வேளையிலும் கூலி பேசினார். பேசாமல் ஏறினால் பிறகு சண்டை வரும் என்பது அந்தக் காலத்துப் பழக்கம்.

"ஒரு ரூவா குடுங்க. ஏத்துங்க முதல்ல."

அப்பா உட்கார்ந்து அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கால் வைக்கிற இடத்தில் நான் குந்திக்கொண்டேன். சித்தப்பாவும் மற்றவர்களும் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். சிம்மக்கல் வரைக்கும் ரிக்ஷா பறந்தது. ஏ.வி. பாலத்து ஏற்றத்தில் அவர் கீழே குதித்து, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் ஸீட்டையும் பிடித்துத் தள்ளினார். 1889-இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய பாலம் அது. அந்த ராத்திரி அது முடியவே போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. கீழே வைகையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மேலே அந்த மனிதர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அம்மாவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

கோரிப்பாளையத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி. அப்போது அதற்கு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பேர். இன்று அரசு இராசாசி மருத்துவமனை என்கிறோம். என்ன பேர் வைத்தாலும் மதுரைக்காரர்களுக்கு அது பெரியாஸ்பத்திரிதான்.

டாக்டர் பார்த்தார். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் யாராவது கொடுக்க வேண்டும் என்றார். இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சிரித்தபடி வருகிறார்கள். அந்தக் காலத்துச் சமாசாரமே வேறு. ரத்தம் கொடுத்தால் ஆள் இளைத்துப் போவான், ஆயுசு குறையும், அப்புறம் ஏர் பிடிக்க முடியாது என்றெல்லாம் ஊரில் பயம். அப்பா முதலில் கையை நீட்டினார். சோதித்துப் பார்த்துவிட்டு, அவர் ரத்தம் சேராது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், பக்கத்து வீட்டு மாமாக்கள் இருவரும், "மாட்டை அவுத்துக் கட்டாம வந்துட்டோமே" என்று மாட்டைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள். சித்தப்பா வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வெற்றிலையை அவர் மறுநாள் மத்தியானம்தான் வாங்கி வந்தார்! அவரைக் குற்றம் சொல்லவில்லை. நல்ல மனிதர், பாம்பைக் கையால் பிடிப்பார். ஊசிக்குத்தான் பயம்.

அப்பா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ரிக்ஷாக்காரர் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு ரூபாய் வர வேண்டியிருந்தது. அதை இந்தச் சமயத்தில் எப்படிக் கேட்பது என்று தயங்கி நின்றிருக்கிறார். நடப்பதையெல்லாம் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே வந்தார்.

"ஐயா, என் ரத்தம் சேருமான்னு பாக்கச் சொல்லுங்களேன்."

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. "நீங்க எதுக்குண்ணே..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"எனக்கும் வீட்ல ஒருத்தி இருக்கால்ல" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே நர்ஸம்மாவின் பின்னால் போனார்.

சேர்ந்தது.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பயமில்லை என்று டாக்டர் சொன்னார். ரிக்ஷாக்காரரை ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா அவருக்குத் தெருமுனையிலிருந்து டீயும் பன்னும் வாங்கி வந்து கொடுத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். பாய்மரக் கப்பல் படம் போட்ட பழைய நோட்டு. எங்கள் வீட்டில் அப்போது அதுதான் மொத்தப் பணம் என்பது எனக்குத் தெரியும்.

அவர் நோட்டைப் பார்த்தார்; அப்பாவைப் பார்த்தார். "பேசினது ஒரு ரூவாதானய்யா" என்றார்.

"இது கூலியில்லைண்ணே..."

"அப்ப வேணாம். ஒரு ரூவா சில்லறையா இருந்தாக் குடுங்க. விடியக்காலம் ரயில் வந்துரும். டேஷன்ல சவாரி கெடைக்கும்."

ரத்தம் கொடுத்த கையோடு ரிக்ஷா மிதிக்கக் கூடாது என்று நர்ஸம்மா சத்தம் போட்டாள். "ரயில் எனக்காக நிக்காதும்மா" என்று சொல்லிச் சிரித்தார். போகிற போக்கில் என் தலையைத் தடவி, "ஆத்தாளைப் பத்திரமாப் பாத்துக்க தம்பி" என்றார். பெல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இருட்டில் கோரிப்பாளையம் பக்கம் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முதலில் கேட்டது, "அந்த அண்ணன் பேர் என்ன?" என்பதுதான். அப்பா விழித்தார். நான் விழித்தேன். ராத்திரி முழுவதும் கூடவே இருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தோம். ஒருவருக்கும் பேர் கேட்கத் தோன்றவில்லை! அம்மா அன்று சாப்பிடவில்லை. "என் உடம்புல ஓடுற ரத்தம் யாரோடதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்வேன்?" என்றாள்.

அப்பா மறுநாளே ஒரு மரக்கால் அரிசியையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு என்னோடு அரசரடிக்கு நடந்தார். அங்கே ஏழெட்டு ரிக்ஷாக்கள் நின்றன. "யாரைத் தேடுறீங்க? பேர் என்ன?" என்று கேட்டார்கள். பேரைத் தவிர மற்றதெல்லாம் சொன்னோம். புருவத்துத் தழும்பைச் சொன்னோம். "வாடகை வண்டி ஓட்றவனா இருப்பான். இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கயோ" என்றார் ஒருவர். ஸ்டேஷன் வாசலில் போய் நின்றோம். மூன்று நாள் அலைந்த பிறகு அரிசியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார் அப்பா.

அந்தப் பத்து ரூபாயைச் செலவழிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் எப்போது போனாலும், மகத்தான காரியத்தைச் செய்துவிட்டுச் சாதாரணமாகப் போகிற ஆசாமி யாராவது கண்ணில் படுகிறாரா என்று தேடுகிற வியாதி. நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்தச் சுற்று வட்டாரத்தில் மட்டும் எத்தனை பேர்!

அதே பெரியாஸ்பத்திரியில்தான், 1980-ஆம் வருஷத்தை ஒட்டி, ஒரு முதியவர் சாதாரண வார்டில் நோயாளிகளோடு நோயாளியாகப் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்கு யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பதறிப் போய் வார்டுக்குள் ஓடினார். படுத்திருந்தவர் கக்கன்! சென்னை ராஜ்யத்தின் போலீஸ் மந்திரியாக இருந்தவர்; ஆட்சி போன பிறகு பஸ்ஸில் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தவர். மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த அவர் 1981-இல் காலமானார்.

கக்கனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அவரோடு நடந்த மற்றவர்களைப் பற்றி. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி, மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். உள்ளே போனவர்களில் கக்கன் ஒருவர். மற்றவர்கள் முருகானந்தம், சின்னையா, முத்து... இன்னும் ஒருவர் பேரை ஒரு புத்தகம் பூவலிங்கம் என்கிறது, இன்னொன்று பூர்ணலிங்கம் என்கிறது. கோவிலுக்குள் விடாத நாடார் சமூகத்திலிருந்து சண்முக நாடாரும் கூடப் போனார்.

யோசித்துப் பாருங்கள். ஐயருக்கு ஊரில் செல்வாக்கு உண்டு, வக்கீல். அப்படியும் அவர் பட்ட வசவும் மிரட்டலும் கொஞ்சமல்ல. கூடப் போனவர்களுக்கு என்ன இருந்தது? அதுவரை வாசல் கோபுரத்தோடு நின்று கும்பிட்டுத் திரும்பியவர்கள், முதல் அடியை உள்ளே வைக்கிறபோது என்ன நினைத்திருப்பார்கள்? வெளியே வந்ததும் நாலு பேர் சூழ்ந்து அடித்தால் யார் கேட்பது? கோவிலுக்குள் போய்வந்த பிறகு அவரவர் ஊருக்கு, அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். இன்று நீங்களும் நானும் எந்தக் கோவிலிலும் யாரையும் யாரும் தடுக்கக் கூடாது என்று சட்டம் பேசுகிறோம். அந்த ஒருவர் பேர் பூவலிங்கமா பூர்ணலிங்கமா என்பதை மட்டும் இன்னும் நாம் சரியாக எழுதி வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சற்றுத் தள்ளி அண்ணா பஸ் நிலையம். அங்கே ராமு தாத்தாவின் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் மதுரையில் குறைவு. 1967-இல் ஒன்றேகால் ரூபாய்க்குச் சாப்பாடு போட ஆரம்பித்தவர். அரிசி விலை ஏறியது, விறகு விலை ஏறியது, காஸ் வந்தது, அதன் விலையும் ஏறியது. தாத்தாவின் சாப்பாடு தட்டுத் தடுமாறிப் பத்து ரூபாய்க்கு வந்து நின்றுகொண்டது. ஊரெல்லாம் டீயே பத்து ரூபாய்க்கு விற்ற காலத்திலும் இவர் பத்து ரூபாய்க்கு இலை போட்டார். கையில் அதுவும் இல்லாதவர்களுக்கு அதையும் கேட்கவில்லை.

சாப்பிட வருகிறவர்கள் யார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, மருந்துக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள். அன்று என் அப்பா சுவரில் சாய்ந்து நின்றாரே, அந்த மாதிரி ஆட்கள். தெற்கத்திச் சீமை பூராவும் நோயாளிகள் வந்து சேருகிற ஆஸ்பத்திரி அது. கூட வருகிறவன் வயிற்றை யார் நினைக்கிறார்கள்? கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்க வந்தவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும் அங்கே சாப்பிடுவார்கள். நான் ஒரு தடவை பத்து ரூபாய்ச் சாப்பாட்டுக்கு இருபது ரூபாயாகக் கொடுக்கப் பார்த்தேன். என்னைப் பெரிய தர்மவான் என்று நினைத்துக்கொண்டு! மீதிப் பத்து ரூபாய் உடனே என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அரசரடி ரிக்ஷாவின் பெல் சத்தம் காதில் கேட்டது. 2020 ஜூலையில், ஊரடங்குக் காலத்தில், தொண்ணூறு வயதைக் கடந்து தாத்தா காலமானார்.

அதே 2020-ஆம் வருஷம் மே மாசம். பஸ் இல்லை, கடை இல்லை, கோவில் நடை திறக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கிழவர் வந்தார். அழுக்கு வேட்டி, தாடி. பேர் பூல்பாண்டி. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், தொழில் பிச்சை எடுப்பது. இப்படிப்பட்டவர் கலெக்டர் ஆபீஸுக்கு எதற்கு வருவார்? உதவித் தொகை கேட்டுத்தானே? அவர் கொண்டுவந்தது பத்தாயிரம் ரூபாய். கொரோனா நிவாரண நிதிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். போனார். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தார். மறுபடியும் பத்தாயிரம்! இப்படிப் பல தடவை. ஊரே அடைத்துக் கிடந்த சமயத்தில் அவருக்குப் பிச்சை போட்டவர்கள் யார் என்பது வேறு ஆச்சரியம். அதற்கு முன்பும் பிச்சை எடுத்த காசில் அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு நாற்காலி, மேஜை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவராம். அந்த ஆகஸ்ட் மாசம் கலெக்டர் அவருக்குச் சமூக சேவகர் விருது கொடுத்தார். பத்திரிகையில் படத்தைப் பார்த்தபோது, நான் எத்தனை கிழவர்களைப் பார்த்து, "சில்லறை இல்லை, போய்யா" என்று சொல்லியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாக வரவில்லை.

பெண்களைச் சொல்லாவிட்டால் என் தங்கை என்னைச் சும்மா விடமாட்டாள். அழகர்கோவில் போகிற வழியில் அப்பன் திருப்பதியை அடுத்த சிற்றூர்க்காரர் சின்னப்பிள்ளை அம்மாள். எழுதப் படிக்கத் தெரியாது. வயல் வேலைக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், எல்லோருக்குமாக நின்று கூலி பேசுகிறவர். பிறகு 'களஞ்சியம்' என்ற சேமிப்புக் குழுக்களில் சேர்ந்து, வட்டிக்காரனிடம் மாட்டியிருந்த பெண்களையெல்லாம் சிறுகச் சிறுகக் காசு சேர்க்க வைத்தார். 2001 ஜனவரியில் டில்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது. மேடையில் பிரதம மந்திரி வாஜ்பாய் குனிந்து அந்த அம்மாளின் காலைத் தொட்டு வணங்கினார்! 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. டில்லியிலிருந்து திரும்பியவர் பட்டணத்தில் தங்கிவிடவில்லை. ஊரோடும் குழுவோடும்தான் இருந்தார்.

இவர்களுக்காவது பேர் கிடைத்தது. பேரே இல்லாமல் சரித்திரத்தை மாற்றியவர்களும் மதுரைக்கு வந்திருக்கிறார்கள். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார் காந்திஜி. கூட வந்த பிரயாணிகளிடம் கதர் கட்டச் சொல்லி வாதாடினார். "நாங்கள் ஏழைகள், கதர் விற்கிற விலைக்கு எங்களால் வாங்க முடியுமா?" என்று அவர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். பெரிய மனிதரிடம் எதிர்த்துப் பேசுகிறோமே என்ற கூச்சம்கூட இல்லாமல் உள்ளதைச் சொன்ன ஜனங்கள்! அவருக்கு அது முள்ளாகத் தைத்தது. 22-ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், வேட்டி சட்டையெல்லாம் போய் முழங்காலளவுத் துண்டு வந்தது. பத்து வருஷம் கழித்து, 1931-இல், லண்டன் அரண்மனையில் சக்கரவர்த்தியைப் பார்க்கப் போனபோதும் அதே துண்டுதான். அவர் தங்கின வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. தமுக்கத்தில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி மியூஸியம் இருக்கிறது. அந்த ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள், என்ன வேலைக்குப் போனார்கள் என்று யார் கண்டது? மறுநாள் வீட்டில், "நேத்து ரயில்ல காந்தியைப் பாத்தேன்" என்று சொல்லியிருப்பார்கள். நம்பியிருக்கமாட்டார்கள்.

சரி, எங்கள் பத்து ரூபாய்க்கு வருகிறேன்.

அம்மா அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, மீனாட்சியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். "அது அந்த அண்ணன் பணம். வந்து கேப்பாரு" என்பாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: 1966-இல், அரிசிக்கு ஊரே பறந்த சமயத்தில், ஒரு நாள் அப்பா அதை எடுத்துச் செலவழித்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறு அறுவடையில் முதல் காசில் இன்னொரு பத்து ரூபாய் நோட்டு அதே துணியில் ஏறியது. ஆகவே இப்போது இருப்பது அதே நோட்டு அல்ல. ஆனால் அதே பணம்.

1973-இல் தமிழ்நாட்டில் கை ரிக்ஷாக்களை ஒழித்தார்கள். அப்புறம் ஆட்டோ வந்து சைக்கிள் ரிக்ஷாக்களையும் ஒழித்துவிட்டது. அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒரு பழக்கம்: தெருவில் எந்த ரிக்ஷா போனாலும் ஓட்டுகிறவரின் இடது புருவத்தைத்தான் பார்ப்பாள். திண்ணையில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் எப்போதும் இருக்கும். அவர்கள் முகத்தை நிமிர்த்தித் தண்ணீர் குடிக்கிறபோது நன்றாகப் பார்க்கலாம் அல்லவா? அவள் 1998-இல் காலமானாள். முப்பத்தாறு வருஷம்! அந்த ஒரு புட்டி ரத்தம் எங்களுக்குக் கொடுத்தது அதுதான். என் தங்கை இன்று பாட்டி. அவள் பேரன் வருஷத்துக்கு இரண்டு தடவை அதே பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறான். போன தடவை வந்து சொன்னான்: "என் பேரை எழுதிக்கிட்டாங்க தாத்தா. யாருக்குப் போகும்னு கேட்டேன். அதெல்லாம் சொல்ல மாட்டாங்களாம்."

இதை இத்தனை பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் தாத்தாவோ, தாத்தாவின் அண்ணன் தம்பியோ 1962-இல் மதுரையில் ரிக்ஷா ஓட்டினாரா? இடது புருவத்தில் தழும்பு உண்டா? ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி கோச்சடைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனதாக எப்போதாவது சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பார்த்து, பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு கார்டு போடுங்கள். பேர் ஒன்று தெரிந்தால் போதும். பத்து ரூபாயை நானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.